தட்டேக்காடு: நாள் முழுக்க நடந்தும் படம் தேறவில்லை, லென்ஸை மாற்றலாமா?

கேள்வி, ஜனவரி 9

கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடந்தேன். காடு முழுக்கச் சத்தம், கண்ணில் பட்டது கொஞ்சம், படத்தில் விழுந்தது அதிலும் கொஞ்சம். 400 மி.மீ. லென்ஸ். எடுத்ததில் பாதி இலை, மீதி கலங்கல். இதே கேமராவில் ஏரிக்கரையில் நாரையும் கொக்கும் பளிச்சென்று வருகின்றன. மழைக்காட்டுக்கு 600 மி.மீ. இல்லாமல் போவதே வீண் என்கிறார் கூட வந்தவர். வாங்கிவிடலாமா?

ஜனவரி 9, இரவு

வாங்க வேண்டாம். இந்தக் காரணத்துக்காக என்றால் கண்டிப்பாக வேண்டாம்.

ஏரியில் பளிச்சென்று வருவதற்கும் காட்டில் கலங்குவதற்கும் லென்ஸின் நீளம் காரணமில்லை, வெளிச்சம்தான் காரணம். அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் மர உச்சியில் அடிக்கும் வெயிலில் 1 அல்லது 2 சதவீதம்தான் தரைக்கு வந்து சேரும். கேமரா கணக்கில் சொன்னால் 6 ஸ்டாப் போச்சு, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும். வெட்டவெளி வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 5.6, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் வேகம் 1/800 நொடி கிடைக்கும். அதே 1/800 காட்டுத் தரையில் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400. 800-க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் 1/100-தான் மிஞ்சும். லென்ஸில் இருக்கும் நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கை ஆடுவதைச் சமாளிக்கும். பறவை தலையைத் திருப்புவதை அது என்ன செய்ய முடியும்?

ஐஎஸ்ஓ எதில் வைத்திருந்தீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஜனவரி 10

800-ல் பூட்டி வைத்திருந்தாராம். நினைத்தேன்.

படம் புள்ளி புள்ளியாக வந்துவிடும் என்ற பயம் பழைய கேமராக்கள் விட்டுப்போனது. அந்தப் புள்ளிகளை வீட்டுக்கு வந்து துடைத்துக்கொள்ளலாம். கேமரா சுருக்காமல் தரும் ரா கோப்பாக எடுத்திருந்தால் இன்றைய மென்பொருள்கள் 6400-ஐ நன்றாகவே சுத்தம் செய்கின்றன. அசைந்து கரைந்துபோன கண்ணை எதுவும் திருப்பிக் கொடுக்காது. ஆகவே ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு, மேல் வரம்பை 6400 அல்லது 8000 என்று வைத்து, வேகத்தை மட்டும் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு முதலில் 1/250, நாலைந்து படம் எடுத்துவிட்டு 1/125, இன்னும் உட்கார்ந்திருந்தால் 1/60. முதலில் ஒரு படம் நிச்சயமாகட்டும், சுத்தமான படத்துக்கு அப்புறம் ஆசைப்படலாம்.

ஜனவரி 10, மாலை

நேற்று போட்ட 6 ஸ்டாப் கணக்கு அடர்காட்டுக்கு உரியது. தட்டேக்காடு முழுக்க அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறிவிக்கப்பட்டபோதே சுமார் 25 சதுர கிலோமீட்டர்தான் அந்தச் சரணாலயம். பெரியாற்றின் கரை, தேக்குத் தோட்டம், பாறைவெளி, நடுநடுவே தாழ்நிலப் பசுமைமாறாக் காடு, வெளியே வந்தால் ரப்பர் எல்லாம் அதற்குள்ளும் அதைச் சுற்றியும் கிடக்கின்றன. ஜனவரி, பிப்ரவரியில் தேக்கு இலை உதிர்த்து நிற்கும்போது அங்கே வெயில் தரைவரை வரும். அரை மணி நேர நடையில் ஒளி 4 ஸ்டாப் ஏறி இறங்கும். கையால் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு அந்தக் காடு நல்ல பாடம் நடத்தும்.

மேலே வானத்தைப் பார்த்து எடுக்கிறீர்களா? கேமராவின் ஒளி ஈடுகட்டும் அமைப்பை +1 அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். வானம் வெளுத்துத் தொலையட்டும், பறவை கறுப்பு உருவமாக நிற்காமல் இருந்தால் போதும். இருட்டுப் பின்னணியில் ஒற்றை வெயில் கீற்றுக்குள் ஆரஞ்சு நிற ஆண் மின்சிட்டு வந்து உட்கார்ந்தால் நேர் எதிர், -1. ஆரஞ்சு நிறம் எரிந்துபோனால் இறகு இறகாகத் தெரியாது, வெறும் பெயிண்ட் பூசியது மாதிரி இருக்கும்.

ஜனவரி 11

"எஃப் 4 இருக்கும் 600 வாங்கினால் ஒரு ஸ்டாப் கிடைக்குமே" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். கிடைக்கும், மறுக்கவில்லை. மூன்று கிலோ கனமும் சேர்ந்து கிடைக்கும். அந்தப் பாதைகளில் பறவை 10, 15 மீட்டரில்தான் இருக்கும். நடுவில் நாற்பது இலை. 600-ன் குறுகிய பார்வைக்குள் அந்த ஒரு கிளையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பறவை அடுத்த கிளைக்குப் போயிருக்கும். ஏரியில் குறை தூரம், நீள லென்ஸ் அதைத் தீர்க்கும். காட்டில் குறை இலை. அதற்கு இரண்டடி இடப்பக்கம் நகர்வதுதான் வைத்தியம்.

மெலிந்த ஒற்றைக்கால் தாங்கி, அதாவது ஒரு மானோபாட் போதும். முக்காலியை அந்த ஒற்றையடிப் பாதையில் விரித்தால் பின்னால் வருகிறவர் தாண்டிக் குதிக்க வேண்டும்.

ஜனவரி 13

லென்ஸ் பேச்சு போதும், காது பற்றிப் பேசலாம்.

மழைக்காட்டில் பறவையை முதலில் கேட்கிறோம், பார்ப்பது அதற்குப் பிறகு. கேள்வி கேட்டவர் "காடு முழுக்கச் சத்தம்" என்று ஒரே வரியில் கடந்துபோகிறார். அந்தச் சத்தம்தான் வரைபடம். சாம்பல் இருவாச்சி கிறுக்குப் பிடித்தது போலச் சிரிக்கும், அதைக் கேட்டால் அருகில் பழம் பழுத்த மரம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். தீக்காக்கையின் குரல் மெலிந்தது, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். தொலைவில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் தலைக்கு மேல் இருக்கும். ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி வந்து தங்கும். காலையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடித்துவிட்டு, பகலெல்லாம் சருகைக் கிளறிக்கொண்டு வாயே திறக்காது.

குரல்களைப் போகுமுன்பே கேட்டுப் பழகுங்கள். பத்துப் பறவை போதும். நூறு வேண்டாம், எல்லாம் கலந்துவிடும்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லுமே, எதற்குப் பழக வேண்டும் என்கிறார் ஒருவர். வைத்துக்கொள்ளுங்கள், நல்ல செயலிதான். ஆனால் அந்தக் காட்டில் துடுப்புவால் கரிச்சான் என்று ஒரு ஆள் இருக்கிறார். பாம்புக் கழுகு போலக் கூவுவார், சிலம்பன் போலக் கத்துவார், அணில் போலவும் சிணுங்குவார். ஒருமுறை செயலி வரிசையாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போக, பக்கத்தில் இருந்தவர் "இன்றைக்கு ராசியான நாள்" என்று பூரித்துப்போனார். அத்தனை பேரும் ஒரே கிளையில், ஒரே வாலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜனவரி 16

அந்தக் கரிச்சானை வெறும் மிமிக்ரி கலைஞராக விட்டுவிடக் கூடாது. இலங்கையின் சிங்கராஜக் காட்டில் நடந்த ஆய்வுகளில், அது மற்ற பறவைகளின் குரலை எடுத்துக் கத்தும்போது அந்தப் பறவைகள் அதனிடம் வருவதைக் கண்டிருக்கிறார்கள். பல இனப் பறவைகள் சேர்ந்து இரைதேடும் கலப்புக் கூட்டம் உருவாவதில் அதற்குப் பங்கு உண்டு. மற்றவை இலையைக் கலைக்க, பறந்து எழும் பூச்சியை இது பிடிக்கும். பதிலுக்கு வல்லூறு வந்தால் முதலில் கத்துவதும் இதுதான். சில நேரம் பொய்யாகவும் கத்தும் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு, அதைத் தனியாகப் பேசலாம்.

படமெடுக்கிறவருக்கு இதனால் என்ன பயன்? துடுப்புவால் கரிச்சானின் குரல் நெருங்கி வந்தால் நடப்பதை நிறுத்துங்கள். அதன் பின்னால் ஒரு கூட்டமே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 28

போன வாரம் ஒரு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன். இந்த இழையில் சொன்னதையெல்லாம் நாமே செய்து பார்க்காவிட்டால் எப்படி? கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைடு ஒருவருடன் போனேன். யானை நடமாடும் காடு, தனியாகத் திரிகிற இடமில்லை அது. விடியுமுன் ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தது. மெட்டு மறந்துபோன பையன் வீடு திரும்பும் வழியில் அடிக்கிற மாதிரி, எங்கோ தொடங்கி எங்கோ விடும். ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றியும் 1/15-க்கு மேல் வரவில்லை. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் கேமராவைத் தூக்குவதே அபத்தம்.

ஏழரை வாக்கில் பாதை வளையும் இடமாகப் பார்த்து நின்றோம். நின்றோம் என்றால் உண்மையாகவே நின்றோம், அசையவில்லை. முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. கைடு பொறுமையானவர், என்னைப் பார்த்துப் பரிதாபப்படவும் இல்லை. அப்புறம் கரிச்சானின் உலோகக் குரல் கேட்டது. பின்னாலேயே வந்துவிட்டார்கள்: கீழே புதருக்குள் சிலம்பன்கள், இடுப்பு உயரத்தில் சின்னச் சின்ன ஈப்பிடிப்பான்கள், நடுமட்டத்தில் வெள்ளை வாலை ரிப்பனாக இழுத்துக்கொண்டு ஒரு அரசவால் ஈப்பிடிப்பான், மேலே ஆணும் பெண்ணுமாக ஆரஞ்சும் மஞ்சளுமாய் மின்சிட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி. ஒருவர் மாடிக்கு மற்றவர் போவதில்லை.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். கேமராவை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று சுழற்றுவார்கள். கூட்டம் பத்து நிமிடத்தில் கடந்துவிடும், கையில் இருநூறு இலைப்படம் இருக்கும். நான் நடுமாடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். கூட்டம் போகும் திசையில் முப்பது அடி முன்னால் ஒரு இடைவெளி, அதற்குப் பின்னால் தூரத்து இருட்டு. அங்கே குவியத்தை வைத்துக் காத்திருந்தேன். கூட்டத்தைத் துரத்தினால் முதுகுதான் கிடைக்கும், முன்னால் போய் நின்றால் முகம் கிடைக்கும். அரசவால் அந்த இடைவெளியில் ஒரு கொடியில் மூன்று நொடி உட்கார்ந்தது. 1/320, ஐஎஸ்ஓ 5000. கண் கூர்மையாக இருக்கிறது. வாலின் நுனி வெட்டுப்பட்டுவிட்டது, ஆனால் அந்த வாலை முழுக்க ஒரு சட்டத்துக்குள் அடைக்கிறவர் இன்னும் பிறக்கவில்லை.

கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் குவிய வசதி பற்றி ஒரு வார்த்தை. வெளியில் அற்புதம். காட்டுக்குள் அது இலையில் இருக்கும் ஓட்டையைக்கூடக் கண் என்று நம்பிவிடும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிவிடுங்கள்.

கூட்டம் போன பிறகு, எல்லாம் முடிந்தது என்று தண்ணீர் குடிக்கும்போது கைடு தோளைத் தொட்டார். எட்டடி உயரத்தில் தீக்காக்கை. எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததோ தெரியாது. அந்தப் பறவைக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆள் இருப்பது தெரிந்தால் பழுப்பு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும், சிவப்பு வயிற்றை மறைத்துவிடும். எங்களுக்கும் முதுகுதான் கிடைத்தது. சுற்றிப்போய் முன்பக்கம் பிடிக்கலாம் என்று உடன் வந்த இன்னொருவர் ஓரடி எடுத்து வைக்க, கைடு கையைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே நின்றோம். மெல்லத் தலையை மட்டும் திருப்பியது. முதுகின் பழுப்பு, கழுத்தோரம் அந்த வெள்ளை வளையம் கொஞ்சம், அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும் சிவப்பு. முழு வயிறு தெரியும் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்தப் படம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்தப் பறவை நம்மிடம் நடந்துகொள்ளும் விதம் இதில் இருக்கிறது.

பதினொன்றிலிருந்து மூன்றுவரை எழுத ஒன்றுமில்லை. மலை அணில் ஒன்று எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது.

அந்தியில் தேக்குத் தோட்ட ஓரத்தில் ஆறுமணிக்குருவி. சருகில் தத்தித் தத்தி வந்து பாதையைக் கடந்தது. 1/40. தேறவில்லை. பைனாகுலரில் பார்த்தேன், பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அந்த மங்கலில் ஒரு சருகுபோலக் காணாமல் போனது.

ஜனவரி 29

"இவ்வளவு எழுதிவிட்டு தவளைவாயன் பற்றி ஒரு வரி இல்லையே, பார்க்கவில்லையா?" பார்த்தேன். வேண்டுமென்றேதான் விட்டேன்.

இலங்கைத் தவளைவாயன் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்வது. இரவாடி. பகலில் ஜோடியாக ஒரு மெல்லிய கிளையில் ஒட்டி உட்கார்ந்து காய்ந்த இலைபோல இருக்கும். தொந்தரவு இல்லாவிட்டால் அதே கிளைக்கு நாள் கணக்கில் திரும்பி வரும். கைடுகளுக்கு அந்தக் கிளைகள் தெரியும். ஆக, காட்டிலேயே கண்டுபிடிக்க மிகக் கடினமான பறவைதான் சுற்றுலா வருகிறவருக்கு மிகச் சுலபமான பறவை. நடந்து போனால், காட்டினால், எடுத்தால் முடிந்தது. எல்லோரிடமும் ஒரே படம்: இரண்டு பறவை, சற்றே மேல்நோக்கிய முகம், பக்கத்தில் ஒரு மூங்கில்.

அதில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜனவரி 30

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தால் கொஞ்சம் மேட்டிமையாக இருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கிளையைக் கண்டுபிடிக்க கைடு விடியுமுன் எழுந்து காட்டுக்குள் தனியாக அலைகிறார். காட்டில் பறவை இருந்தால்தான் பிழைப்பு என்று ஊரில் பத்துக் குடும்பம் நினைப்பது பறவைக்குக் கெடுதல் இல்லை. வாழச்சால் காட்டில் முன்பு இருவாச்சிக் குஞ்சுகளை எடுத்த காடர் பழங்குடி மக்கள், இன்று அதே கூடுகளுக்குக் காவல் இருந்து கணக்கெடுக்கிறார்கள். காட்டைத் தெரிந்தவரின் அறிவுக்குக் கூலி கிடைப்பதில் என்ன தவறு?

என் குறை கூட்டத்தோடுதான். ஒரு கிளைக்கு முன்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம், அதில் ஒருவர் ஃபிளாஷ். அதை நேரில் பார்த்தேன். இரவாடிப் பறவையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தவளைவாயன் பறந்தும் போகாது, அசையாமல் இருப்பதுதான் அதன் ஒரே தற்காப்பு. "பாருங்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை" என்று அதை வைத்தே வாதாடுகிறார்கள்.

ஜனவரி 30, இரவு

சின்னத் திருத்தம், மேலே ஒருவர் போட்ட படக்குறிப்புக்கு. சாம்பல் நிறமாக இருப்பது குஞ்சு இல்லை, ஆண். செம்பழுப்பு பெண். இன்னொன்று: பகலில் முட்டைமேல் உட்காருவது ஆண்தான். கூடு என்பது கிளைமேல் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னத் திண்டு, சொந்த இறகும் மேலே மரப்பாசியும். அதில் ஒரே ஒரு முட்டை. ஆகவே ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை தனியாக, கிளையோடு படிந்து உட்கார்ந்திருக்கும் சாம்பல் தவளைவாயனைப் பார்த்தால் கூட்டில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அது எழுந்தால் அந்த முட்டைக்கு மாற்று ஆள் இல்லை.

பிப்ரவரி 3

கூட்டுப் படங்கள் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது இருவாச்சி கூடு கட்டும் பருவம். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று மட்டும் விட்டு. ஆண் அந்தக் கீற்று வழியாகத்தான் பழமும் பூச்சியும் கொடுக்க வேண்டும். மரத்தடியில் நாலு பேர் லென்ஸோடு உட்கார்ந்திருந்தால் ஆண் வராது, தூரத்து மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நமக்கு அரை மணி நேரக் காத்திருப்பு, உள்ளே இருப்பவளுக்கு அரை மணி நேரப் பசி. பல புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. ஏற்றாலும் எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 4

ரத்தம் உறிஞ்சும் அட்டை பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டார்கள்.

வறண்ட மாதங்களில் குறைவு. மழை பெய்துவிட்டால் இருக்கும். முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறை கிடைக்கிறது, பேன்ட்டை அதற்குள் விட்டுக் கட்டிவிடுங்கள். மானோபாடைத் தரையில் ஊன்றி நின்றால் அதன் வழியாகவும் ஏறும், காலைவிட அது அவருக்கு நேர்வழி. கடித்தால் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது காதுக்குப் பின்னால் ஏறிய அட்டையை, படம் முடிகிறவரை விட்டுவைத்த ஒருவரைத் தெரியும். படம் கலங்கல்.

பிப்ரவரி 4, பிறகு

லென்ஸுக்குள் பனி படர்ந்ததாக ஒருவர் புலம்பியிருக்கிறார். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராகக் காட்டுக்குக் கொண்டுபோனால் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படியும். விடியற்காலையின் நல்ல அரை மணி நேரம் துடைப்பதிலேயே போகும். இரவே கேமரா பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மாதக்கணக்கில் பைக்குள் கிடந்தால் கண்ணாடியில் பூஞ்சை வலைப்பின்னும், அதைக் கழுவ ஆகும் செலவுக்கு இன்னொரு பயணம் போகலாம்.

பிப்ரவரி 9

ஹைட் பற்றி. சரணாலயத்தைச் சுற்றித் தனியார் இடங்களில் மறைவிடம் கட்டி, முன்னால் தண்ணீர்த் தொட்டியும் பாசி படர்ந்த கிளையும் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் பறவை வந்து குளிக்கும், பின்னணி மழமழவென்று இருக்கும். "இதுவும் பறவை பார்ப்பதா?" என்ற கேள்விக்கு வேகமாக இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

யோசித்துப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. நடக்க முடியாதவர்கள், குழந்தையோடு வருகிறவர்கள், வயதானவர்கள் என்று எத்தனையோ பேருக்கு அது ஒன்றுதான் வழி. ஒரே இடத்தில் பத்துப் பேர் அடங்கி உட்காருவது, பத்துப் பேர் காட்டுக்குள் பரவுவதைவிடப் பறவைக்கு நல்லது. வெறும் தண்ணீர் மட்டும் வைத்திருக்கும் இடம் என்றால் எனக்கு மறுப்பில்லை. புழுவைக் கொட்டி, கிளையை மாற்றி மாற்றிச் செருகி, வந்தவருக்கெல்லாம் ஒரே கோணத்தில் ஒரே படம் தருகிற இடம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டில் எடுத்தேன் என்று போடாமல், ஹைட்டில் எடுத்தேன் என்று போட்டால் சண்டையே இல்லை.

பிப்ரவரி 10

குரல் போட்டுக் கூப்பிடுவதில் எனக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. வேண்டாம். ஒலிபெருக்கியில் தன் இனக் குரலைக் கேட்டு ஓடி வரும் பறவை நம்மைப் பார்க்க வரவில்லை, தன் எல்லைக்குள் எவனோ புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேடும் நேரத்தை விட்டுவிட்டு வருகிறது. ஒரு நாளைக்கு ஒருவர் செய்தால் பரவாயில்லை என்பார்கள். அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஒருவர் மட்டுமா போகிறார்?

பிப்ரவரி 17

"அந்தக் காலத்தில் கேமரா இல்லாமலே பார்த்தார்கள்" என்று ஒருவர் உருகியிருக்கிறார். அந்தக் காலத்தில் துப்பாக்கி இருந்தது. பறவையியலாளர் சாலிம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புக்காக இந்தப் பக்கம் வந்தபோது, சுட்டு எடுத்து, தோலைப் பதப்படுத்தி, அளந்து எழுதுவதுதான் முறை. தீபகற்ப இந்தியாவில் பறவை வளம் மிகுந்த இடம் என்று தட்டேக்காட்டை அவர் குறித்தது அப்படிச் சேர்த்த அறிவால்தான். 1983-ல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பெயரும் அவர் பெயர். அந்த ஐம்பது ஆண்டில் துப்பாக்கி போய் பைனாகுலர் வந்தது, அதன் பிறகு கேமரா. இன்று ஒரு மங்கலான படத்தையும் நேரத்தையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் அது ஒரு பதிவு. உங்கள் கலங்கல் படங்களை அழிக்காதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அழகுக்கு உதவாத படம் அடையாளத்துக்கு உதவும்.

மார்ச் 2

கேள்வி கேட்டவர் மறுபடி போய்விட்டு வந்து நாலு படம் போட்டிருக்கிறார். அதே 400, ஐஎஸ்ஓ 6400. முதல் மூன்றும் நன்றாக இருக்கின்றன. மின்சிட்டுக்கு -1 போட்டது தெரிகிறது.

நாலாவதில் இருப்பது வேறு இனமா என்று கேட்கிறார். இல்லை, அது தீக்காக்கைப் பெண். தலை கறுப்பாக இருக்காது, வயிறும் சிவப்பில்லை, மங்கிய ஆரஞ்சுப் பழுப்பு. ஆணைத் தேடுகிறவர்கள் தாண்டிப்போய்விடுவார்கள். அந்த நாலில் எனக்குப் பிடித்தது அதுதான்.

மார்ச் 3

600 வாங்க வைத்திருந்த பணத்தில் பைனாகுலர் வாங்கலாமா, 8-க்கு 42-ஆ, 10-க்கு 42-ஆ என்று கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி.

காட்டுக்கு 8-க்கு 42. முதல் எண் உருப்பெருக்கம், அடுத்தது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் மில்லிமீட்டர் அளவு அது. வெயிலில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, காலை ஆறரைக்கு மரத்தடியில் தெரியும். பார்வைப் பரப்பும் 8-ல் அகலம், கூட்டத்துக்குள் பறவையைச் சீக்கிரம் பிடிக்கலாம். கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். ஏரிக்கு மட்டும் போகிறவர் என்றால் 10. வாங்குமுன் கடைக்கு வெளியே நிழலில் நின்று பாருங்கள், கடைக்குள் விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.